சிட்டுக்குருவிப் பெட்டி: கணினியில் வரைந்து, வெயிலில் சோதித்து, பிறகு மாட்டுவது எப்படி

ஓட்டு வீட்டின் கூரையிடுக்கு, சுவரில் சாய்த்து மாட்டிய படத்தின் பின்பக்கம், கடை ஷட்டர் சுருளும் பெட்டி என்று கிடைத்த பொந்திலெல்லாம் சிட்டுக்குருவி கூடு வைத்தது. பூசி மெழுகிய அடுக்குமாடிச் சுவரில் அதற்கு இடமில்லை. அதனால்தான் மரப்பெட்டி செய்து மாட்டுகிறோம். பூனை, காகம் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள். வெயிலைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. முட்டைக்குள் வளரும் கரு 40 டிகிரி செல்சியசுக்கு மேல் நெடுநேரம் தாங்காது. மெல்லிய பிளைவுட் பெட்டியை மேற்குச் சுவரில் மாட்டினால், கத்திரி வெயிலில் உள்ளே அந்த அளவு எளிதாகத் தாண்டும். கூடு கட்டத் தொடங்கிய வாரத்தில் வெயில் குறைவாக இருந்திருக்கும், குருவிக்கு வரப்போவது தெரியாது. முட்டை வைத்த பிறகு அதனால் வேறிடம் போகவும் முடியாது.

ஆகவே இந்த வழிகாட்டியில் கணினி, சென்சார் எல்லாம் வருவது ஒரே வேலைக்காக: பெட்டி சுடுகிறதா, எங்கே சுடுகிறது என்பதைக் குருவி வருவதற்கு முன்பே கண்டுபிடிக்க. கேமரா கடைசியில் வரும். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். அளவுகள் சென்னையை மனத்தில் வைத்துச் சொன்னவை. வேறு ஊராக இருந்தால் வெயில் கணக்கு மட்டும் மாறும்.

முதலில், குருவி இருக்கிறதா?

சிட்டுக்குருவி இடம்பெயராத பறவை. பிறந்த இடத்துக்கு அருகிலேயே வாழ்நாளைக் கழிக்கும். சுற்று வட்டாரத்தில் குருவியே இல்லாத தெருவில் பெட்டி மாட்டினால் அது ஆண்டுக்கணக்கில் காலியாகவே தொங்கும். காலை 6 முதல் 8 மணிக்குள் நான்கைந்து நாள் தெருவில் நடந்து பாருங்கள். மளிகைக்கடை, அரிசி மண்டி, மாவு மில், மருதாணி வேலி, பழைய ஓட்டு வீடு இருக்கும் பக்கம் முதலில் போங்கள். குரல் பிடிபடவில்லை என்றால் பறவையின் குரலைக் கேட்டு இனம் சொல்லும் மெர்லின் செயலியைக் கைபேசியில் ஓடவிடலாம். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் ஈ-பேர்ட் இணையதளத்தின் வரைபடத்தில் உங்கள் பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தால் மற்றவர்கள் எங்கே பதிவு செய்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். கண்ணில் பட்ட குருவிகளுக்கு 100 மீட்டருக்குள் பெட்டி இருந்தால் நல்லது.

கைபேசிக் கோபுரம்தான் குருவியை அழித்தது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 2020-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை நிலையாக இருப்பதாகவும், சென்னை உள்ளிட்ட 6 பெருநகரங்களில் குறைந்து வருவதாகவும் சொன்னது. கோபுரம்தான் காரணம் என்பதற்குச் சான்று இல்லை. கூடு வைக்க இடமும், குஞ்சுக்குக் கொடுக்கப் புழுப்பூச்சியும் குறைந்ததே வலுவான காரணங்களாகத் தெரிகின்றன. இரண்டுமே நம் கையில் இருப்பவை.

இடமும் வெயிலும்

வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று நினைப்பது சென்னையில் தவறு. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகலில் உச்சிக்குச் சற்று வடக்கேதான் நிற்கும். சரியாகக் கத்திரி வெயில் நாட்களில் வடக்குச் சுவருக்கும் காலையிலும் மாலையிலும் வெயில் உண்டு.

சன்கால்க் என்ற இலவச இணையதளத்தில் உங்கள் கட்டடத்தைத் தேர்ந்து, தேதியை மே 15 என்று வையுங்கள். எந்த நேரத்தில் சூரியன் எந்தத் திசையில் நிற்கிறது என்று வரைந்து காட்டும், எந்தச் சுவருக்கு எத்தனை மணிக்கு வெயில் வந்து எத்தனை மணிக்குப் போகிறது என்பதை அதிலிருந்து அறியலாம். எதிர்வீட்டு மாடியின் நிழல் அதில் கணக்கில் வராது, அதை நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பகல் 12 முதல் 4 மணி வரை வெயில் படாத இடமே வேண்டும். பெரும்பாலும் அது சன்ஷேடுக்கு அடியில் இருக்கும் கிழக்குச் சுவர் அல்லது வடக்குச் சுவர். வடகிழக்குப் பருவமழைச் சாரல் இந்த இரண்டு சுவர்களையும்தான் அடிக்கும் என்பதால் சன்ஷேடு கட்டாயம்.

இடத்தைத் தேர்ந்ததும் மேலும் கீழும் பாருங்கள். ஏசியின் அவுட்டோர் யூனிட் ஊதும் காற்று படும் இடம் கூடாது. பூனை நடக்கும் கைப்பிடிச் சுவரிலிருந்து 2 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். தரையிலிருந்து 3 மீட்டர் உயரம் போதும்.

வரைவு

ஓப்பன்ஸ்கேட் என்ற இலவச மென்பொருள் இதற்குப் பொருத்தம். அதில் கோடு இழுத்து வரைவதில்லை. அளவுகளை எழுதிக் கொடுத்தால் உருவம் வரும். பலகைத் தடிமன், உள் அகலம், துளை விட்டம் ஆகியவற்றை மாறிகளாக (பெயரிட்ட எண்களாக) மேலே எழுதிவிட்டு, மற்ற எல்லா அளவையும் அவற்றிலிருந்து கணக்கிடும்படி எழுதுங்கள். பலகைக்கடையில் 18 மில்லிமீட்டர் என்று கொடுப்பது வெர்னியரில் அளந்தால் 17.3 என்று காட்டும். மாறி ஒன்றைத் திருத்தினால் மற்ற பலகைகள் தாமாகச் சரியாகிவிடும். காகிதத்தில் வரைந்திருந்தால் எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டியிருக்கும்.

18 மில்லிமீட்டர் பலகைக்கான அளவுகள் (எல்லாம் மில்லிமீட்டரில்):

தரைப்பலகை 125 × 125.
பக்கப்பலகை 2: அகலம் 125, முன்விளிம்பு உயரம் 220, பின்விளிம்பு உயரம் 260. திறந்து மூடும் பக்கத்துக்கு மட்டும் அகலம் 123.
முன்பலகை 161 × 220. துளை விட்டம் 32, அதன் மையம் அடியிலிருந்து 165.
பின்பலகை 161 × 350. மேலும் கீழும் 45 நீண்டு நிற்கும், சுவரில் மாட்ட அதுதான் பிடி.
உள்கூரை 161 × 165, தடிமன் 12.
வெளிக்கூரை 240 × 230, தடிமன் 12.
இரண்டு கூரைக்கும் நடுவே 20 உயரமுள்ள 4 கட்டைகள்.

கூரை ஏறத்தாழ 18 டிகிரி முன்சாய்வாக நிற்கும். இந்த இரட்டைக் கூரைதான் பெட்டியின் உயிர்நாடி. வெயிலை வெளிக்கூரை வாங்கிக்கொள்ளும், இடையில் ஓடும் காற்று சூட்டை எடுத்துப் போய்விடும். பலகை மிச்சமாகிறதே என்று இதைக் குறைத்துவிடாதீர்கள்.

துளை 32-க்கு மேல் போனால் மைனா எட்டிப் பார்க்கும். 45 ஆகிவிட்டால் உள்ளேயே வந்து பிடித்துக்கொள்ளும். உட்கார வசதியாக இருக்கட்டும் என்று துளைக்குக் கீழே குச்சி வைப்பார்கள். குருவிக்கு அது தேவையே இல்லை. காகம் நின்று அலகை நீட்டத்தான் உதவும்.

வரைந்த பலகைகளைத் தட்டையாக்கி எஸ்விஜி என்ற கோட்டுப்படக் கோப்பாக எடுத்து, ஏ4 தாளில் அச்சிட்டுப் பலகையில் ஒட்டி அறுக்கலாம். இங்கே புதியவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் தவறு ஒன்று உண்டு. அச்சிடும்போது தாளுக்குள் அடங்கும்படி சுருக்கும் தேர்வு தானாகவே இயங்கி, படம் ஒன்றிரண்டு சதவீதமோ அதற்கு மேலோ சிறுத்துவிடும். படத்தின் ஓரத்தில் 100 மில்லிமீட்டர் கோடு ஒன்று போட்டு வையுங்கள். அச்சான தாளில் அதை ஸ்கேலால் அளந்து பார்த்த பிறகே ஒட்டுங்கள். ஏ4-இல் அடங்காத பின்பலகையையும் வெளிக்கூரையையும் இரண்டிரண்டு தாளாகப் பிரித்து அச்சிட வேண்டும்.

முப்பரிமாண அச்சு இயந்திரம் இருக்கிறதே, பெட்டியையே அச்சடித்துவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி நெருங்கும்போதே இளகத் தொடங்கும், சென்னை வெயிலில் மொட்டை மாடியில் அது கோணிக்கொண்டு போகும். மற்ற பிளாஸ்டிக்குகள் வெப்பம் தாங்கினாலும் மெல்லிய சுவர் வழியே சூடு உள்ளே இறங்கும், ஈரமும் வெளியேறாது. சென்சார் பிடிப்பான், கேமரா தாங்கி போன்ற சிறு துண்டுகளை மட்டும் பிஇடிஜி அல்லது ஏஎஸ்ஏ பிளாஸ்டிக்கில் அச்சடியுங்கள்.

அறுப்பதும் சேர்ப்பதும்

பேக்கிங் பெட்டிப் பலகை, வேம்பு, மா எதுவும் ஆகும். பிளைவுட் என்றால் ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளை. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஒரு மழையில் ஊறி உப்பிவிடும், தொடாதீர்கள். உள்பக்கத்தை இழைக்க வேண்டாம், சொரசொரப்பு வேண்டும். முன்பலகையின் உட்புறத்தில், துளைக்குக் கீழே 10 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 2 மில்லிமீட்டர் ஆழக் கீறல்கள் போடுங்கள். பறக்கத் தயாரான குஞ்சு நகத்தால் பிடித்து ஏற அதுதான் படிக்கட்டு. வழவழப்பான பிளைவுட்டில் ஏற முடியாமல் குஞ்சு உள்ளேயே செத்துப்போவது உண்டு.

துளைக்கு 32 மில்லிமீட்டர் ஹோல்சா (வட்டத் துளை அறுக்கும் பிட்) எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். தரைப்பலகையின் மூலைகளில் 6 மில்லிமீட்டர் வடிகால் துளை 4. பக்கப்பலகைகளில் கூரையை ஒட்டி 10 மில்லிமீட்டர் காற்றுத் துளை பக்கத்துக்கு 2. ஸ்க்ரூ போடுமுன் 3 மில்லிமீட்டர் பிட்டால் வழி போடுங்கள், இல்லாவிட்டால் பலகை ஓரம் பிளக்கும். துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ நல்லது. 123 அகலமுள்ள பக்கத்தை மேலே முன்பலகை வழியாக ஒன்று, பின்பலகை வழியாக ஒன்று என இரண்டு ஸ்க்ரூவில் மட்டும் நிறுத்தினால் கதவு போலத் திறக்கும். கீழே ஒரு கொக்கி. அந்த 2 மில்லிமீட்டர் இடைவெளி விடாவிட்டால் மழைக்காலத்தில் பலகை ஊறி, கதவு அசையாது.

அணில் துளையைக் கரண்டிப் பெரிதாக்கும். 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் அதே 32 துளை போட்டு, விளிம்பை அரத்தால் ராவி, முன்பலகையில் பதித்துவிடுங்கள். வெளிக்கூரைக்கு வெள்ளை வர்ணம் அல்லது சுண்ணாம்பு. உள்ளே எதுவும் பூசக் கூடாது.

வெற்றுப் பெட்டிக்கு ஒரு வாரம் வெயில்

தேவைப்படுபவை: இஎஸ்பி32 போர்டு (நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) 1, உலோகக் குப்பியில் அடைத்த டிஎஸ்18பி20 வெப்ப சென்சார் 3, 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் 1, டிஎஸ்3231 கடிகார மாட்யூல் 1, எஸ்டி கார்டு மாட்யூல் 1, கைபேசி சார்ஜர். சென்னையில் ரிச்சி தெருவில் எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும்.

3 சென்சாருக்கும் சிவப்பு வயர் 3.3 வோல்ட்டுக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு, மஞ்சள் மூன்றும் சேர்ந்து போர்டின் ஒரே பின்னுக்கு. வயர் நிறம் சில தயாரிப்புகளில் மாறும் என்பதால் விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரெசிஸ்டர் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் குறுக்கே வர வேண்டும். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி 64 பிட் முகவரி உண்டு. எது எந்த முகவரி என்று அறிய, சென்சாரைப் படித்து எஸ்டி கார்டில் பதியும் நிரலைப் போர்டில் ஏற்றி, கணினித் திரையில் மூன்று எண்ணும் ஓடிக்கொண்டிருக்க, ஒரு குப்பியைக் கைக்குள் இறுகப் பிடியுங்கள். அரை நிமிடத்தில் எந்த எண் 33, 34 என்று ஏறுகிறதோ அதுதான் அது. உடனே அதன் வயரில் சிவப்பு நூல் கட்டுங்கள். அடுத்ததற்கு வேறு நிற நூல். இதைச் செய்யாமல் மாட்டிவிட்டால், ஒரு வாரத்துப் பதிவில் கூரை எது, தரை எது என்றே தெரியாமல் போகும்.

பிறகு ஒரு டம்ளரில் உடைத்த ஐஸ்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு, மூன்றையும் 5 நிமிடம் முக்கி வையுங்கள். மூன்றும் 0-க்கு அரை டிகிரி மேலே கீழே காட்ட வேண்டும். சந்தையில் போலி சிப் நிறைய உலவுகிறது. 2 டிகிரி தள்ளிக் காட்டினால் மாற்றிவிடுங்கள்.

முதல் சென்சார் தரைக்கு 2 சென்டிமீட்டர் மேலே, ஒரு கைப்பிடி காய்ந்த புல்லுக்குள். முட்டை இருக்கப் போவது அங்கேதான். இரண்டாவது உள்கூரைக்கு அடியில். மூன்றாவது வெளியே நிழலில். அதற்கு மேல் வெள்ளையடித்த கொட்டாங்கச்சியைக் குடைபோல் கவிழ்த்துக் கட்டினால் நேர் வெயிலும் மழையும் படாது. குருவித் துளையை டேப்பால் அடைத்தால் காற்றோட்டம் மாறிப் பொய்க் கணக்கு வரும். கம்பிவலைத் துண்டு வைத்து மூடுங்கள், குருவி அவசரப்பட்டு வந்துவிடாது, காற்றும் போகும்.

10 நிமிடத்துக்கு ஒரு முறை பதிந்தால் நாளுக்கு 144 வரிசை, 7 நாளில் 1,008. ஏப்ரல் அல்லது மே மாதத்தில் செய்ய வேண்டிய சோதனை இது. டிசம்பரில் செய்து தேறிவிட்டது என்று நம்பக் கூடாது.

பதிவில் திடீரென்று 85 என்று வந்தால் பெட்டி வெந்துவிட்டது என்று பதற வேண்டாம். சென்சாருக்கு மின்சாரம் வந்தவுடன், அளக்கும் முன்பே படித்துவிட்டால் கிடைக்கும் தொடக்க எண் அது. அளக்கச் சொன்ன பிறகு 750 மில்லிசெகண்ட் காத்திருக்கும்படி நிரலைத் திருத்துங்கள். மைனஸ் 127 வந்தால் வயர் விட்டுப்போயிருக்கிறது அல்லது ரெசிஸ்டர் தவறிவிட்டது. இந்த இரண்டு எண்களையும் நீக்கிவிட்டு வரைபடம் போடுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. புல்லுக்குள் இருக்கும் சென்சாரின் கோட்டையும் வெளி நிழல் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். உச்ச வெயில் நேரத்தில் உள்ளே 2 அல்லது 3 டிகிரிக்குள் கூடினால் பெட்டி தேறியது. அதற்கு மேல் போனால், எந்த நேரத்தில் கோடு எகிறுகிறது என்று பாருங்கள். நண்பகல் 12 முதல் 1.30-க்குள் எகிறி, கூரை சென்சாரும் சேர்ந்து ஏறினால் குறை கூரையில். காற்று இடைவெளியை 30 மில்லிமீட்டராக்கி இன்னொரு கோட் வெள்ளை அடியுங்கள். மாலை 3 மணிக்கு மேல் எகிறினால் மேற்கு வெயில் பக்கப்பலகையில் விழுகிறது. இடத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை. இரவு 9, 10 மணி ஆகியும் உள்ளே இறங்காமல் நின்றால் குற்றவாளி கான்கிரீட் சுவர். பகலெல்லாம் குடித்த சூட்டை இரவில் விடுகிறது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே 25 மில்லிமீட்டர் கட்டை வைத்துத் தள்ளி மாட்டினால் அது தீரும்.

வெளி நிழலே 40-ஐத் தொடும் இடமாக இருந்தால் பெட்டியைத் திருத்திப் பயனில்லை. மரநிழல் தேடுங்கள்.

திருத்தியதும் இன்னும் 3 நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, சென்சாரை எல்லாம் கழற்றி, புல்லையும் வலையையும் எடுத்துவிடுங்கள்.

மாட்டுவது

சுவரில் 8 மில்லிமீட்டர் துளை, பிளக், 2 ஸ்க்ரூ மேலே, 2 கீழே. ஆடாமல் நிற்க வேண்டும், கயிற்றில் தொங்கவிட்ட பெட்டியைக் குருவி நம்பாது. குருவிகள் கூட்டமாக வாழ்பவை, ஒன்றுக்கு மூன்றாக ஒரு மீட்டர் இடைவெளியில் மாட்டினால் வரும் வாய்ப்பு கூடும். உள்ளே வைக்கோல், தானியம் எதையும் வைக்காதீர்கள், தானியம் எலியை அழைக்கும். குளவி கூடு கட்டும் ஊராக இருந்தால் உள்கூரையில் குளியல் சோப்பை ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.

சில வாரங்களில் வரலாம், அடுத்த ஆண்டும் ஆகலாம். ஆறு மாதம் காலியாக இருக்கிறது என்று இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் எப்போதும் வராது.

அதோடு, குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவும் பூச்சியும்தான் உணவு, கம்பும் அரிசியும் பெரிய குருவிக்கு மட்டுமே. பூச்சிமருந்து அடிக்காத மருதாணி, செம்பருத்தித் தொட்டி நான்கு இருந்தாலும் பயன் உண்டு. 2 சென்டிமீட்டர் ஆழத் தட்டில் தண்ணீர் வையுங்கள், கொசு முட்டையிடாதபடி தினமும் மாற்றுங்கள்.

கேமரா வேண்டும் என்பவர்களுக்கு

குருவி வந்த பிறகு கேமரா மாட்டக் கூடாது. மாட்டுவதானால் பெட்டி காலியாக இருக்கும்போதே. கேமராவும் சேர்ந்த இஎஸ்பி32-கேம் போர்டு மலிவானது, ஆனால் அப்படியே வைத்தால் 4 வகையில் ஏமாற்றும்.

ஒன்று, அதன் லென்ஸ் தொலைவுக்குக் குவிந்திருக்கும். 20 சென்டிமீட்டர் கீழே உள்ள கூடு மங்கலாகத் தெரியும். லென்சைப் பிடித்திருக்கும் பசைப் பொட்டைக் கத்தி முனையால் கீறிவிட்டு, எழுத்துள்ள காகிதத்தைப் பெட்டித் தரையில் வைத்து, எழுத்து தெளியும்வரை லென்சை மெல்லத் திருகுங்கள். இரண்டு, எஸ்டி கார்டில் எழுதும்போது போர்டிலுள்ள வெள்ளை பிளாஷ் விளக்கு மினுங்கும், இரண்டும் ஒரே பின்னைப் பகிர்வதால். இருட்டுக் கூட்டில் அது பெரிய தொந்தரவு. நிரலில் கார்டை 1 பிட் முறையில் இயக்குங்கள், விளக்கின் மேல் கறுப்பு டேப்பும் ஒட்டுங்கள். மூன்று, மெல்லிய நீள யுஎஸ்பி வயரில் மின்னழுத்தம் இறங்கி, படமெடுக்கும் நொடியில் போர்டு அணைந்து அணைந்து எழும். தடித்த வயர் போட்டு, போர்டின் 5 வோல்ட் பின்னருகே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். நான்கு, அது சூடாகும். அதனால் உள்கூரைக்கு மேலே தனி அறையில் வைத்து, 20 மில்லிமீட்டர் துளை வழியாகக் கீழே பார்க்கவிடுங்கள். நேரலை ஓட்டாமல் 15 நிமிடத்துக்கு ஒரு படம் மட்டும் எடுத்துவிட்டு உறங்கவிட்டால் சூடு தங்காது. கேமரா வைத்த பெட்டிக்கு மறுபடியும் வெப்பச் சோதனை செய்தாக வேண்டும்.

வெளிச்சத்துக்கு 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி 2 போதும், ஒவ்வொன்றுக்கும் 100 ஓம் ரெசிஸ்டர். 850 நானோமீட்டர் என்றால் மங்கலான சிவப்புப் பொட்டு தெரியும். அகச்சிவப்பு வடிகட்டி இல்லாத கேமராவைக் கேட்டு வாங்குங்கள். படம் ஊதா நிறத்தில் வரும், கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிடலாம். லித்தியம் பேட்டரி வைப்பதானால் பெட்டிக்கு வெளியே, நிழலில். 45 டிகிரிக்கு மேல் அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. எறும்பு வயரைப் பிடித்துக்கொண்டு நேரே குஞ்சிடம் வந்துவிடும். பெட்டிக்கு ஒரு முழம் முன்னால் வயரில் நான்கு விரற்கடைக்கு கிரீஸ் தடவி வையுங்கள், மாதம் ஒருமுறை புதுப்பியுங்கள்.

முட்டை வைத்த பிறகு

கதவைத் திறக்காதீர்கள். காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே வரையறுக்கிறது. 11 முதல் 14 நாள் அடைகாக்கும், பொரித்த குஞ்சு ஏறத்தாழ 2 வாரத்தில் வெளியே வரும். ஈ-பேர்ட் பதிவில் இனப்பெருக்கக் குறியீட்டையும் சேர்த்துப் போட்டால் அந்தத் தகவல் மற்றவர்களுக்கும் போய்ச் சேரும்.

குஞ்சுகள் பறந்து, ஒரு வாரம் யாரும் வந்துபோகவில்லை என்று உறுதியான பிறகு, முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு பழைய கூட்டை எடுங்கள். அதில் நைலான் நூலோ மாஞ்சாத் துண்டோ இருந்தால் தெருவிலும் அதைத் தேடிப் பொறுக்கிவிடுங்கள், குஞ்சின் காலில் சுற்றி இறுக்குவது அதுதான். கொதிநீர் ஊற்றி உண்ணிகளைப் போக்குங்கள், மருந்து எதுவும் அடிக்க வேண்டாம். கதவைத் திறந்தபடி ஒரு நாள் காயவிட்டு, வடிகால் துளைகளைக் குச்சியால் குத்திவிட்டு மூடுங்கள். அதே இணை அடுத்த ஈட்டுக்குச் சில நாட்களிலேயே திரும்பி வரக்கூடும்.